சிறுமையும் வறுமையும்: ‘பதேர் பாஞ்சாலி’யில் அன்றாடப் பொருள்கள்

முன்னுரை

அன்றாட வாழ்வின் எளிய பொருள்களில் அழகையும் உட்பொருளையும் கண்டுணர்த்துவது கலையின் பணிகளுள் ஒன்று என்பது திறனாய்வாளர் பலரும் ஏற்கும் கருத்தாகும். பொதுநிலையில் இக்கருத்தை மறுப்பார் இலர். ஆயின் அன்றாட வாழ்வே பசியும் கடனுமாக அமைந்துவிட்ட ஒரு குடும்பத்தைப் பற்றிய படைப்பில் இக்கருத்து எளிதாக நிற்பதில்லை. இல்லாமையின் நடுவே அழகைக் காண்பது இல்லாமையை மறைப்பதாகுமா? அல்லது இல்லாமையை இன்னும் கூர்மையாக உணர்த்துவதாகுமா? இவ்வினா வங்கப் படைப்பான ‘பதேர் பாஞ்சாலி’யைச் சுற்றி நெடுங்காலமாக எழுந்துவருகிறது.

சத்யஜித் ரேயின் இயக்கத்தில் 1955-இல் வெளிவந்த இத்திரைப்படம் 1956-இல் கான் திரைப்பட விழாவில் சிறந்த மனித ஆவணம் எனும் சிறப்பினைப் பெற்றது. ஏறத்தாழக் கால் நூற்றாண்டு கழித்து, 1980-இல், மாநிலங்களவையின் நியமன உறுப்பினராக இருந்த நடிகை நர்கிஸ், ரேயின் படங்கள் இந்திய வறுமையை வெளிநாடுகளுக்கு ஏற்றுமதி செய்கின்றன என்னும் பொருள்படக் குற்றஞ்சாட்டினார். பாராட்டியோர் படத்தின் மனிதத்தையும் கவித்துவத்தையும் கண்டனர். குற்றஞ்சாட்டியோர் வறுமையைக் கண்டனர். இரு சாராரும் அழகும் வறுமையும் பிரிக்கத்தக்கன என்னும் ஒரே எடுகோளிலிருந்தே தொடங்குகின்றனர் என்பது நோக்கத்தக்கது. அவ்வெடுகோள் இப்படைப்புக்குப் பொருந்தாது என்பதைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் தரும் கருவிகளைக் கொண்டு நிறுவ இக்கட்டுரை முயல்கிறது.

புதினமும் திரைப்படமும்

விபூதிபூஷண் பந்தியோபாத்யாய (1894–1950) எழுதிய ‘பதேர் பாஞ்சாலி’ புதினம் ‘விசித்ரா’ இதழில் தொடராக வெளிவந்து, 1929-இல் நூலாயிற்று. நிச்சிந்திபுரம் எனும் சிற்றூரில் வாழும் ஹரிஹர் எனும் ஏழைப் புரோகிதர், அவர் மனைவி சர்வஜயா, மக்கள் துர்கா, அபு, உறவுக் கிழவி இந்திர் தாக்ரூண் ஆகியோரின் வாழ்வை அது விரிக்கிறது. தமிழில் இப்புதினத்தை ஆர். சண்முகசுந்தரம் மொழிபெயர்த்தார். ‘நாகம்மாள்’ (1942) வழியாகக் கொங்குச் சிற்றூரின் பேச்சையும் புழங்கு பொருள்களையும் புதினத்துக்குள் கொணர்ந்தவர் அவர். தமிழ் வாசகருக்கு நிச்சிந்திபுரம் அயலூராகத் தோன்றாமைக்கு இப்பின்புலமும் ஒரு காரணம் எனலாம்.

புதினத்தின் ஒரு பகுதிக்குரிய பெயர் ‘ஆம் ஆண்டிர் பேம்பு’. மாங்கொட்டையைக் கொண்டு சிறுவர்கள் செய்யும் ஊதலை அது குறிக்கும். 1940-களில் சிக்னெட் அச்சகம் புதினத்தின் சுருக்கப் பதிப்பை இதே தலைப்பில் வெளியிட்டபோது, அதற்குப் படம் வரைந்தவர் ரே. சாந்திநிகேதனில் ஓவியம் பயின்று, விளம்பர நிறுவனமொன்றில் வரைகலைஞராகப் பணியாற்றிவந்த அவர், இக்கதையைத் திரைக்கலைஞராக அணுகுவதற்கு முன்பே அதன் பொருள்களையும் முகங்களையும் கோட்டோவியங்களாகக் கண்டவர் என்பது கருதத்தக்கது. தின்று எறியப்பட்ட ஒரு கொட்டை இசைக்கருவியாகும் செய்தியே தலைப்பாக நிற்பதும் இப்படைப்பின் இயல்பை முன்னுணர்த்துகிறது.

மெய்ப்பாட்டியல் தரும் அளவுகோல்

தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளைக் கூறி, ஒவ்வொன்றும் நான்கு நிலைக்களன்களில் தோன்றும் என வகுத்துள்ளார். அவற்றுள் இரண்டு இவ்வாய்வுக்கு இன்றியமையாதன. ஒன்று மருட்கை, அஃதாவது வியப்பு. புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் ஆகியவை அதன் களன்கள். மற்றொன்று அழுகை. இளிவு, இழவு, அசைவு, வறுமை ஆகியவற்றில் அது பிறக்கும்.

மருட்கையின் களன்களுள் பெருமைக்கு அடுத்துச் சிறுமை வைக்கப்பட்டிருப்பது சிந்திக்கத்தக்கது. இன்றைய வழக்கில் சிறுமை என்பது இழிவைக் குறிக்கும் சொல்லாகச் சுருங்கிவிட்டது. மெய்ப்பாட்டியலிலோ நுண்ணிய பொருளைக் கண்டவிடத்து எழும் வியப்புக்கு அது நிலைக்களன். மலையும் கடலும் வியப்புக்குரியன என்பதை எவரும் அறிவர். சிறியதும் அதே அளவு வியப்புக்குரியது என்பதை இலக்கணமாகவே வகுத்துவைத்தமை தமிழ்ப் பொருளியல் மரபின் சிறப்பாகும். அன்றாடப் பொருள்களின் அழகு பற்றிப் பேசுவதற்குரிய சொல் நம்மிடம் முன்பே இருக்கிறது.

அழுகையின் களன்களும் இவ்வாறே நுட்பம் வாய்ந்தவை. இளிவு பிறரால் இகழப்படுதல். இழவு உற்றாரையும் உடைமையையும் இழத்தல். அசைவு முன்னிருந்த நிலை கெட்டு வருந்துதல். வறுமையைப் பொருளின்மை என்ற அளவில் நிறுத்தாமல், நுகர வேண்டியதை நுகரப் பெறாத பற்றுடைய உள்ளத்தோடு இணைத்துக் காணும் போக்கும் உரைமரபில் உண்டு. அவ்வகையில் வறுமை என்பது பையின் நிலை மட்டுமன்று, விழைவின் நிலையுமாகும்.

மெய்ப்பாட்டுக் கோட்பாட்டைத் திரைப்படத்துக்குப் பொருத்தலாமா என்னும் ஐயம் எழக்கூடும். மெய்ப்பாடு நாடக வழக்கோடு தொடர்புடையது என்பதை உரைகாரர்கள் சுட்டியுள்ளனர். உள்ளத்து உணர்வு மெய்யின்கண் புலப்படுதலே மெய்ப்பாடு ஆதலின், முகத்தையும் உடலசைவையும் முதன்மையாகக் கொள்ளும் கலைக்கு அது அயலானதன்று. ரேயோ விபூதிபூஷணோ இக்கோட்பாட்டை அறிந்து படைத்தனர் என்று கூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அவர்தம் படைப்பைத் தமிழ் மரபில் நின்று படிக்கும்போது புலனாவது யாது என்பதே இங்குக் கேள்வி.

சிறுமையில் பிறக்கும் மருட்கை

புதினத்தில் அபுவுக்குச் சொந்தமான தகரப் பெட்டியொன்று இடம்பெறுகிறது. நிறம் உதிர்ந்த மரக்குதிரை, ஒடுக்கு விழுந்த தகர ஊதல், சில சோழிகள், மலிவான பொம்மைத் துப்பாக்கி, உலர்ந்த காய்கள், விளையாடுவதற்கான ஓட்டாஞ்சில்லுகள் ஆகியவை அதில் உள்ளன. பெரியோர் கண்ணுக்குக் குப்பையாகத் தோன்றும் இவற்றை ஆசிரியர் ஒவ்வொன்றாக எடுத்துக் கூறுகிறார். அடுக்கிக் கூறும் பொறுமையே இங்கு மதிப்பாக மாறுகிறது. செல்வர் இல்லத்துக் கருவூலத்தை விவரிப்பதற்குரிய நிதானத்தோடு ஓட்டாஞ்சில்லு விவரிக்கப்படும்போது, வாசகர் தம் மதிப்பீட்டைத் திருத்திக்கொள்ள நேர்கிறது. அதே வேளையில், அச்சோழிகள் இலக்குமி பூசைக் கூடையிலிருந்து தாய் அறியாமல் எடுக்கப்பட்டவை என்னும் குறிப்பும் அமைந்துள்ளது. விளையாட்டுப் பொருளையும் வீட்டுத் தெய்வத்திடமிருந்து எடுக்கவேண்டிய நிலை அப்பெட்டிக்குள்ளேயே இருக்கிறது.

திரைப்படம் இந்நிதானத்தைக் காலமாக மாற்றுகிறது. மழைக்கு முன் குளத்து நீரின் மேற்பரப்பில் பூச்சிகள் அலைவதை ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ராவின் கருவி நெடுநேரம் நோக்கிநிற்கிறது. ரவிசங்கரின் இசை உடன்வருகிறது. கதை நிகழ்ச்சி எதுவும் அங்கு முன்னகர்வதில்லை. தூண்டில் போட்டு அமர்ந்திருக்கும் ஒருவரின் வழுக்கைத் தலையில் முதல் துளி விழுகிறது. அந்த மழையில்தான் துர்கா ஆடி நனைகிறாள். அம்மழையே அவளுக்குக் காய்ச்சலாகிறது. பூச்சிகளின் நுண்ணிய ஆட்டத்தில் தொடங்கிய மருட்கை ஓர் இழவின் முதற்படியாகவும் அமைந்துவிடுகிறது. அழகைத் தனியே வெட்டியெடுத்துச் சட்டமிட ரே இடந்தரவில்லை.

இனிப்பு விற்பவர் வரும் காட்சியும் இத்தகையதே. காவடித் தண்டில் பானைகளைத் தொங்கவிட்டு அவர் முன்னே நடக்க, அபுவும் துர்காவும் பின்னே செல்கின்றனர். நாயொன்றும் அவர்களைத் தொடர்கிறது. இவ்வூர்வலம் குளத்து நீரில் தலைகீழாகத் தெரிகிறது. நகையும் உவகையும் ஒருங்கே தோன்றும் காட்சி இது. ஆயின் சிறுவர்கள் பின்தொடர்வதற்குக் காரணம் கையில் காசின்மை. வாங்க இயலாதோர் வாங்குவோர் வீடுவரை நடக்கின்றனர். நீரில் தெரியும் நிழல் அழகாக இருப்பதும், அது நுகரப் பெறாதோரின் நிழலாக இருப்பதும் ஒரே படிமத்தின் இரு கூறுகளாகும்.

ஒரு பொருள், இரு மெய்ப்பாடு

இப்படைப்பின் முதன்மையான பொருள்கள் அனைத்தும் இவ்விரட்டைத் தன்மை உடையன. திரைப்படத்தின் தொடக்கத்தில் துர்கா தோப்பிலிருந்து கொய்யாவைப் பறித்துவந்து கிழவியின் பாண்டத்தில் இடுகிறாள். அதனைக் கண்ட கிழவியின் முகமலர்ச்சி உவகையின் மெய்ப்பாடு. அத்தோப்போ ஒரு காலத்தில் இக்குடும்பத்துக்கு உரிமையாயிருந்து, கடனைக் காரணம் காட்டி உறவினரால் கைக்கொள்ளப்பட்டது. தம் மரத்தின் கனியே திருட்டுப் பொருளாகிவிட்ட நிலை தொல்காப்பியர் கூறும் அசைவுக்கு மிகப் பொருந்திய எடுத்துக்காட்டாகும். கனி ஒன்றே; கிழவிக்கு அது விருந்து, சர்வஜயாவுக்கு இளிவு.

இந்திர் தாக்ரூணின் இறுதிக் காட்சி மேலும் நுண்ணியது. வீட்டில் தங்க இடம் மறுக்கப்பட்ட அவள் குடிக்க நீர் கேட்கிறாள். குடித்தபின் எஞ்சிய நீரைச் செடியொன்றுக்கு ஊற்றிவிட்டு வெளியேறுகிறாள். ஒரு சொல்லும் இன்றி அச்செயல் அவள் அவ்வீட்டோடு கொண்டிருந்த உரிமையையும் உறவையும் புலப்படுத்துகிறது. தனக்கென ஏதும் இல்லாதவள் தன்னிடம் எஞ்சியதைக் கொடுக்கிறாள். பின்னர் மூங்கில் புதரில் அவள் உயிரற்றிருப்பதைச் சிறுவர்கள் காணும்போது, அவளது செம்பு உருண்டு நீரில் விழுகிறது. நாள்தோறும் கையில் இருந்த செம்பு அவள் மறைவின் அறிவிப்பாகிறது.

இங்குப் புதினத்துக்கும் திரைப்படத்துக்கும் உள்ள வேறுபாடு பொருள் பொதிந்தது. புதினத்தில் கிழவி மிகத் தொடக்கத்திலேயே இறந்துவிடுகிறாள். துர்கா தொடர்வண்டியை ஒருபோதும் காண்பதில்லை. அக்காவும் தம்பியும் ஒருமுறை இருப்புப்பாதையைத் தேடிச் சென்று வழிதவறித் திரும்புகின்றனர். திரைப்படத்தில் இருவரும் காஷ் எனப்படும் நாணல் பூத்த வெளியில் தொடர்வண்டியை நோக்கி ஓடுகின்றனர். ஓடும்போது துர்கா தடுக்கி விழ, அபுவே பாதையருகே சென்றடைகிறான். வீடு திரும்பும் வழியில் கிழவியின் உடலைக் காண்கின்றனர். புதுமையால் விளைந்த மருட்கையையும் இழவால் விளைந்த அழுகையையும் ஒரே நாளில், ஒரே பயணத்தில் ரே பிணைத்துள்ளார். துர்காவின் பெறாமையை அவர் முற்றிலும் நீக்கிவிடவில்லை என்பதும் கருதத்தக்கது. புதினத்தின் கடுமையான இன்மை, திரையில் கைக்கெட்டும் தொலைவில் நழுவிய ஒன்றாக மாறியிருக்கிறது.

மாலையும் சிமிழும்

அண்டை வீட்டுச் சிறுமியின் மணிமாலையைத் துர்கா திருடினாள் எனும் குற்றச்சாட்டு திரைப்படத்தில் ஒரு திருப்பமாகும். குற்றஞ்சாட்டுவது தோப்பை வைத்திருக்கும் அதே குடும்பம். துர்கா மறுக்கிறாள். இளிவு தாளாத சர்வஜயா மகளை அடித்து வெளியே தள்ளுகிறாள். துர்கா இறந்தபின், குடும்பம் ஊரைவிட்டுப் புறப்படும் வேளையில், மேலே வைக்கப்பட்டிருந்த ஒரு சிறு கலத்தில் அம்மாலையை அபு காண்கிறான். எவரிடமும் கூறாமல் அதனைக் குளத்தில் எறிகிறான். நீர்ப்பாசி விலகி மீண்டும் மூடிக்கொள்கிறது. புதினத்தில் அவன் காண்பது பொன்னாலான குங்குமச் சிமிழ். எறிவது மூங்கில் காட்டில்.

துர்கா திருடியது உண்மை என்பதைப் படைப்பு மறைக்கவில்லை. ஏழைச் சிறுமியைக் குற்றமற்றவளாக்கி இரக்கம் தேடும் எளிய வழியை இருவரும் மேற்கொள்ளவில்லை. அவள் அம்மாலையை விற்கவில்லை. அணிந்து திரியவும் வழியில்லை. அழகிய ஒன்று தன்னிடம் இருக்கிறது என்னும் அறிவு மட்டுமே அவள் பெற்ற நுகர்ச்சி. நுகரப் பெறாத பற்றுள்ளம் எனும் வறுமைக்கு இதனினும் தெளிவான உருவம் காண்டல் அரிது. அபுவின் செயலோ துர்காவின் பெயரைக் காப்பதோடு, அவளுடைய விழைவையும் பிறர் தீர்ப்புக்கு எட்டாதபடி காக்கிறது. பொருளின் சந்தை மதிப்பை அறியாதவன் அல்லன் அவன். அம்மதிப்பினும் மேலான ஒன்று அதனுள் இருப்பதை அறிந்தமையாலேயே எறிகிறான். ஒரு மலிவான மாலை இவ்வளவு பொருளைத் தாங்குமாறு செய்ததே கலையின் பணி.

சர்வஜயாவின் நோக்கு

அன்றாட வாழ்வின் அழகைப் போற்றும் திறனாய்வுகள் பெரும்பாலும் அபுவின் கண்வழியே இப்படைப்பைக் காண்கின்றன. திரைப்படத்தில் அபு முதன்முதலாகத் தோன்றுவதே போர்வைக் கிழிசலின் வழியே திறக்கும் ஒரு கண்ணாகத்தான். எனினும் வியப்பதற்கு ஓய்வு வேண்டும். அவ்வோய்வு அவ்வீட்டில் சிறுவர்க்கும் கிழவிக்கும் ஓரளவு வாய்க்கிறது. ஹரிஹருக்கு எழுத்துக் கனவு இருக்கிறது. சர்வஜயாவுக்கு அரிசியும் எண்ணெயும் கணக்கும் மட்டுமே உள்ளன. கொய்யாவைக் காணும்போது அவளுக்கு வரப்போகும் பழிச்சொல் நினைவுக்கு வருகிறது. கிழவிக்குப் பிறர் தந்த போர்வையைக் காணும்போது தன் இல்லாமை ஊருக்குத் தெரிந்துவிட்டமை சுடுகிறது. கணவன் வெளியூரில் இருக்கும் நாள்களில் பாத்திரங்களை விற்று உலை வைப்பவள் அவளே.

அன்றாடத்தின் அழகு எல்லோர்க்கும் ஒரே அளவில் பங்கிடப்படுவதில்லை என்பதை அவள்வழி இப்படைப்பு உணர்த்துகிறது. அவளது கடுமையைக் கொடுமையாக மட்டும் காண்பது பிழைபட்ட வாசிப்பாகும். அவள் வியப்பைத் துறந்ததனால்தான் மற்றவர் வியக்க முடிகிறது. இதனைக் காணாத திறனாய்வு, அழகை யாருடைய உழைப்பு தாங்கிநிற்கிறது என்பதைக் காணத் தவறுகிறது. ரேயின் படம் அத்தவற்றைச் செய்யவில்லை. வீட்டு வேலைகளில் ஆழ்ந்த சர்வஜயாவின் முகத்தைப் பூச்சிகளுக்கும் நாணலுக்கும் தந்த அதே பொறுமையோடு அது நோக்குகிறது.

அதன் பயன் ஹரிஹர் திரும்பும் காட்சியில் புலனாகிறது. மகள் இறந்ததை அறியாத அவர், கொண்டுவந்த பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுகிறார். மாவு தேய்க்கும் பலகையும் கட்டையும், சட்டமிட்ட இலக்குமி படம், இறுதியாகத் துர்காவுக்கென ஒரு சேலை. அச்சேலையைப் பெற்ற சர்வஜயா உடைந்து அழுகிறாள். அவள் அழுகுரல் நமக்குக் கேட்பதில்லை; தார் ஷெனாயின் உச்சக் குரல் அவ்விடத்தை நிரப்புகிறது. நெடுநாள் வேண்டியிருந்தவை அனைத்தும் வந்துசேர்ந்துவிட்டன; அணிய வேண்டியவள் இல்லை. வறுமை என்னும் களனும் இழவு என்னும் களனும் ஒரு சேலையில் ஒன்றிவிடுகின்றன.

இதற்குச் சற்று முன்னர் வரும் சிறு காட்சியும் ஈண்டு நினைக்கத்தக்கது. அக்கா இறந்தபின் அபு தானே பல் துலக்கி, தானே தலைவாரி, கடைக்குப் புறப்படுகிறான். வானத்தைப் பார்த்துத் திரும்பிவந்து குடையை எடுத்துச் செல்கிறான். அழுகை எதுவும் காட்டப்படவில்லை. மழை என்ன செய்யும் என்பதை அச்சிறுவன் கற்றுக்கொண்டுவிட்டான். ஒரு குடை ஒரு குழந்தைப் பருவத்தின் முடிவைச் சொல்லிவிடுகிறது.

குற்றச்சாட்டும் பாராட்டும்

மேற்கண்ட சான்றுகளைக் கொண்டு முன்னுரையில் சுட்டிய சிக்கலுக்குத் திரும்பலாம். வறுமை காட்சிப்பொருளாக்கப்பட்டது எனும் குற்றச்சாட்டு, வறியோரிடம் வறுமையைத் தவிரக் காணத்தக்கது ஒன்றில்லை எனும் முடிவை உள்ளடக்கியிருக்கிறது. மாலையை விழைந்த துர்காவும் செடிக்கு நீரூற்றிய கிழவியும் அந்நோக்கில் வெறும் புள்ளிவிவரமாகின்றனர். மறுபுறம், கவித்துவத்தை மட்டும் பாராட்டுவோர் குளத்து நிழலைக் கண்டு மகிழ்ந்து, காசில்லாத கைகளைக் காணாது விடுகின்றனர்.

இப்படத்தின் எல்லாக் காட்சிகளிலும் இவ்விணைவு ஒரே அளவில் அமைந்துள்ளது என்று கூறுவதற்கில்லை. நாணல் வெளிக் காட்சி தனியே எடுத்துக்காட்டப்படும்போது, சுற்றுலாச் சுவரொட்டிக்குரிய அழகாக நின்றுவிடும் வாய்ப்பு உண்டு. பலகாலம் அது அவ்வாறே எடுத்தாளப்பட்டும் வந்துள்ளது. அது காட்சியின் குறையன்று. அதனைத் துர்காவின் விழுகையிலிருந்தும் கிழவியின் இறப்பிலிருந்தும் பிரித்தெடுத்த நோக்கின் குறையாகும். முழுப் படைப்பில் வைத்துக் காணும்போதே அவ்வெண்மை தன் விலையோடு தெரிகிறது.

முடிவுரை

‘பதேர் பாஞ்சாலி’ அன்றாடப் பொருள்களை அழகுபடுத்தவில்லை. அவற்றுக்கு நேரம் ஒதுக்குகிறது. அவை யாருக்கு ஏன் வேண்டியிருந்தன என்பதைக் காட்டுகிறது. கொய்யா, செம்பு, மாலை, சேலை, குடை ஆகிய ஒவ்வொன்றிலும் சிறுமையால் விளையும் மருட்கையும், வறுமையாலும் இழவாலும் விளையும் அழுகையும் ஒரே இடத்தில் குடிகொண்டுள்ளன. பற்று இல்லாதவிடத்துப் பெறாமை வருத்துவதில்லை. பொருளின் அழகை உணர்ந்த உள்ளமே அதன் இன்மையையும் முழுமையாக உணர்கிறது. ஆகவே இங்கு அழகு வறுமையை மறைக்கும் திரையாக அமையவில்லை. வறுமை எதனைப் பறிக்கிறது என்பதை அளந்து காட்டும் கோலாகவே அது அமைகிறது.

மருட்கைக்கும் அழுகைக்கும் தனித்தனியே களன் வகுத்த தொல்காப்பியம், அவை ஒரு பொருளில் கூடிவரும் நிலையைக் காண்பதற்கும் நமக்குத் துணைசெய்கிறது. பிறமொழிப் படைப்புகளைத் தமிழ்ப் பொருளியல் மரபில் நின்று ஆராயும் முயற்சிகள் பெருகுமாயின், அப்படைப்புகளின் புதிய முகங்கள் புலனாகும். அதனோடு, இழிவு என்னும் ஒரே பொருளில் இன்று வழங்கும் சிறுமை எனும் சொல்லுக்கு அதன் பழைய வியப்பும் மீளக் கிடைக்கும்.